வேலியோர ஓக்

"வேலிக்கு ஒரு மீட்டர்தான் இருக்கு. சட்டப்படி வெட்டியே ஆகணும், மதாம்," என்று நான் விதைபோட்டு வளர்த்த இளம் ஓக் மரத்தைக் காட்டிப் போன மாதம் மிரட்டிய பக்கத்து வீட்டு ஃபிர்மின், இப்போது தினமும் நாயோடு வந்து அதையே உற்றுப் பார்க்கிறார்.

"அடியில புல்லு வட்டமா கருகிக் கிடக்கு. அந்தாளு விஷம் ஊத்தியிருப்பான்," என்றான் நகரத்தில் வளர்ந்த என் கணவன் பஸ்தியன்.

நேரிலேயே கேட்டோம்.

ஃபிர்மின் குழைந்தார். "விஷமா? நம்ம பெரிகோர் சீமையில ஓக் அடியில புல்லு கருகினா, மண்ணுக்குள்ள ட்ரஃபிள் காளான் விளையுதுன்னு அர்த்தம். தங்க விலை. மரத்துமேல யாரும் கை வைக்கக்கூடாது, மகளே. என் நாய் மோப்பம் பிடிக்கும், பாதி எனக்கு."

"யோசிக்கிறோம்," என்றேன்.

தண்டிலிருந்து தள்ளி அளந்து, புல் மட்டும் கருகும்படிதான் கொதிநீரை வட்டமாக ஊற்றியிருந்தேன். ஆனாலும் வேர் வெந்திருக்குமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.