பத்து மணிப் பால்

பத்து மணிச் சங்கு ஊதியதும் பவுலினுக்கு மார்பு கட்டிக்கொண்டு வலித்தது.

கைக்குழந்தை உள்ளவர்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பால் கொடுக்க, குழந்தைகளை விட்டு வந்த பிள்ளைமடுவத்துக்கு இறங்கினார்கள். இரண்டு வாரத்துக்கு முன்புவரை அவளும் அவர்களோடுதான் போனாள்.

இப்போது நின்ற இடத்திலேயே நின்று தேயிலைக் கொழுந்து பறித்தாள். மழைக்குப் போர்த்திய ஈரக் கம்பளிக்குள் சட்டை சூடாக நனைந்தது.

குழந்தையைப் புதைத்து எட்டு நாள். இரண்டு மாதப் பெண் குழந்தை. மூன்று நாள் வயிற்றோட்டம், அவ்வளவுதான்.

பால் மட்டும் நிற்கவில்லை. பழைய சேலையைக் கிழித்து மார்பை இறுக்கிக் கட்டிப் பார்த்தாள். காய்ச்சல்தான் வந்தது.

கங்காணி செல்லசாமி அவளைப் பார்க்காமல், எங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்.

"அப்பிடி அந்தப் பக்கம் போயிட்டு வா புள்ள."

பெரிய பாறைக்குப் பின்னால் தண்ணீர் ஓடும் கான் இருந்தது. அதன் ஓரத்தில் குந்தி, பாலைப் பீய்ச்சிவிட்டாள். மழைத்தண்ணீரோடு கொஞ்ச தூரம் வெள்ளையாகப் போய்க் கரைந்தது. நேற்றும் இப்படித்தான். அதற்கு முதல் நாளும்.

அழுகை வரவில்லை. இடுப்புதான் வலித்தது.

யாரோ மூச்சு வாங்க ஏறி வரும் சத்தம். லயத்து வரிசை வீட்டில் பக்கத்துக் காம்பரா மீனம்மா. தோளில் அவளுடைய நாலு மாதப் பையன்.

கடையில் பங்கீட்டு மாவு கொடுப்பதைக் குறைத்ததிலிருந்து மீனம்மாவுக்கு அவித்த மரவள்ளியும் வெறும் தேத்தண்ணீரும்தான் சாப்பாடு. பால் வற்றி ஒரு வாரமாகிறது. பையன் அழுவதைக்கூட விட்டுவிட்டான்.

"அக்கா, கான்ல ஊத்துறத எம்புள்ளைக்கு ஒரு வாய் குடுங்களேன்."

"வேணாம்" என்றாள் பவுலின்.

நேற்று லயத்தில் வைத்துக் கேட்டபோதும் இதையேதான் சொன்னாள். பீலியடியில் தண்ணீருக்கு நின்ற பெண்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். மண்ணுக்குக் கொடுப்பாளாம், பிள்ளைக்குக் கொடுக்கமாட்டாளாம், என்ன மனசு இது என்று அவள் காதுபடவே பேசினார்கள். அவள் வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இன்று மீனம்மா போகவில்லை. மழையில் அப்படியே நின்றாள்.

பையனின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. தாயின் தோளில் கிடந்தபடி வாயை மட்டும் மெல்லத் திறந்து மூடினான்.

அதைப் பார்த்ததும் பவுலினுக்குத் தானாகவே பால் சொட்டியது. அவசரமாக இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டாள்.

"நல்லதண்ணிப் பக்கத் தோட்டத்துல இருந்தப்ப எனக்கு ரெண்டு புள்ளைக போயிருச்சு மீனம்மா. இங்க யாருக்கும் தெரியாது" என்றாள். "இதோட மூணு. மூணும் இந்தப் பாலத்தான் குடிச்சிச்சுக."

மீனம்மா பவுலினைப் பார்த்தாள். பையனைப் பார்த்தாள்.

பிறகு ஈர மண்ணில் பவுலின் பக்கத்தில் உட்கார்ந்து, பையனை அவள் மடியில் வைத்தாள்.

பவுலின் மார்பைப் பொத்திய கையை எடுக்கவில்லை. மீனம்மாதான் அதை மெதுவாக விலக்கினாள்.