கடைசி நாள் போங்காட்டம்

அண்ணனுடைய சைக்கிளின் பின்சக்கரத்தில் காற்றைப் பிடுங்கிவிட்டபோது அவளுக்குக் கை கொஞ்சம்கூட நடுங்கவில்லை. பல் டாக்டர் ஆயிற்றே, பிடுங்கிப் பிடுங்கிப் பழகிய கை.

வால்வ் மூடியைத் திருகி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி விடுதி வாசலில் வந்து நின்றாள். அண்ணன் உள்ளே காபி குடித்துக்கொண்டிருந்தார். தம்பி ஷூ லேஸை இழுத்து இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான்.

"என்னக்கா, காலங்காத்தால ஒரு மாதிரி சிரிக்கிற?"

"வெளியூர் வந்தா சிரிக்கக்கூடாதா? வண்டியை எடுடா."

பத்து நாள் சைக்கிள் பயணத்தின் கடைசி நாள் அது. ஆற்றங்கரையை ஒட்டி முப்பது கிலோமீட்டர் பாதை, அது முடிகிற இடத்தில் சைக்கிள் வாடகைக் கடை. அந்தக் கடையின் கதவை யார் முதலில் தொடுகிறார்களோ அவர்களுக்கு அப்பா. இனிமேல் நிரந்தரமாக.

முந்தின நாள் சாப்பாட்டு மேசையில் முடிவான பந்தயம். அண்ணன் வக்கீல் என்பதால் காகிதத்தில் ஆறு ஷரத்துகள் எழுதி, மூன்று பேரிடமும் கையெழுத்து வாங்கிவிட்டார்.

அம்மா போனதிலிருந்து அப்பா மாதம் ஒரு வீடாகப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அலைகிறார். மாதக் கடைசி வந்தால் போதும், 'இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போகட்டுமே' என்று மூவருக்கும் சண்டை மூண்டுவிடும். தனக்குப் பிப்ரவரியைத் தள்ளிவிட்டு ஏமாற்றிவிட்டார்கள் என்று தம்பி இன்றுவரை மூக்கால் அழுகிறான்.

அவளோ, அப்பா சட்டைகளை மடித்துப் பெட்டிக்குள் வைக்கிற நாளில் வாசல் வரை சிரித்துக்கொண்டே வழியனுப்பிவிட்டு, குளியலறையில் போய் அழுவாள். இந்த முறை விடுவதாக இல்லை.

"மூத்தவன் நான் இருக்கேன். உங்களுக்கு எதுக்கு இந்த வீண் ஆசை?" என்றபடி அண்ணன் சைக்கிளில் ஏறினார். ஏறிய வேகத்தில் இறங்கினார். "ஏய்! யார் பார்த்த வேலை இது?"

பதில் சொல்ல அவள் அங்கே இல்லை. முதல் வளைவைத் தாண்டிவிட்டிருந்தாள்.

தம்பி மட்டும் விடாமல் பக்கத்திலேயே வந்தான். ஓட்டல் சமையல்காரன், வாயும் நீளம்.

"உன் வீட்டுல உப்புமில்ல, ஒறைப்புமில்ல. அப்பா பாவம்க்கா. என்கிட்ட விட்டுப் பாரு, ஆளே பளபளன்னு ஆயிடுவார்."

"உன் சமையலைத் தின்னுட்டு பிரஷர் ஏறினா யார் பார்க்கிறது? பேசாம மிதி."

"நேத்து போன்ல என்ன கேட்டார் கவனிச்சியா? 'இன்னும் எத்தனை நாள் இருக்கு?'ன்னார்."

"தினமும் அதைத்தானேடா கேக்கறார்." 'மூணு பேரும் ஒண்ணா எங்கேயாவது போயிட்டு வாங்க' என்று டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பியவரே அவர்தான். இப்போது பிள்ளைகள் இல்லாமல் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.

அந்த நினைப்பிலேயே அவள் பின்தங்கிவிட்டாள். கடைசி இரண்டு கிலோமீட்டரில் தம்பி நூறடி முன்னால் போய்க்கொண்டிருந்தான். நல்லவேளையாக ஒரு வாத்துக் கூட்டம் ஆற்றிலிருந்து ஏறி, சாவகாசமாகப் பாதையைக் கடக்க வந்தது.

தம்பி பிரேக் போட்டு நின்றான். அவள் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு புல்வெளியில் இறங்கி ஓடினாள்.

"போங்கு! போங்கு! தூக்கிட்டு ஓடக்கூடாது!"

"எந்த ஷரத்துல இருக்கு?"

கடைக் கதவில் அவள் இரண்டு கையாலும் அறைந்த அறையில் கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். முக்கால் மணி நேரம் கழித்து அண்ணன் நாக்குத் தள்ள வந்து சேர்ந்தபோதும் அவள் கதவிலிருந்து கையை எடுக்கவில்லை.

"செல்லாது. நான் அப்பீல் போவேன்" என்றார் அண்ணன்.

"எங்க வேணா போ." அவள் அப்பாவுக்குப் போன் போட்டு ஸ்பீக்கரைத் திறந்தாள். "அப்பா! நான்தான் ஜெயிச்சேன்! இனிமே நீங்க என்கூடத்தான். எங்கேயும் பெட்டி தூக்க வேண்டாம்!"

மறுமுனையில் ஏதோ உருண்டது. "ஏணியைக் கொஞ்சம் தள்ளிப் போடுப்பா" என்று அப்பா யாரிடமோ சொல்வது கேட்டது.

"என்னப்பா ஏணி?"

"பெயிண்ட் வேலைம்மா. அதுக்குள்ள கடைசி நாள் வந்துடுச்சா? இன்னும் ஒரு செவரு பாக்கி இருக்கே."

"யார் வீட்டுலப்பா?"

"என் வீட்டுலதான். ஒரு ரூம், ஒரு சமையலறை, ஒரு பால்கனி. வாடகைக்குப் பிடிச்சுட்டேன். நீங்க மூணு பேரும் ஊர்ல இருந்தா இது நடக்குமா?"

தம்பி போனருகே குனிந்தான். "அப்பா... அப்ப நாங்க?"

"தாராளமா வாங்கடா. வர்றதுக்கு முன்னாடி ஒரு போன் மட்டும் பண்ணிடுங்க."