மூணாம் பக்கத்து ஜப்லா

"ஏனுங்ணா, எவ்வளவு குடுத்து அந்த எடத்தப் புடிச்சீங்க?"

பெருமாநல்லூரில் சிவராஜின் பனியன் கம்பெனிக்குள் செருப்பைக்கூடக் கழற்றாமல் நுழைந்தாள் சித்ரகலா.

கட்டிங் டேபிளில் குனிந்திருந்த சிவராஜ் நிமிர்ந்தார். "வாங்க அம்மிணி. எந்த எடமுங்க?"

"ஒண்ணும் தெரியாத மாதிரி கேக்கறதப் பாரு! நெட்டுல 'திருப்பூர் ஜப்லா'ன்னு தேடுனா மொதல்ல என்ற சைட்டுதான் வரும். போன மாசம் என்னமோ வரிசைய மாத்துனாங்களாமா. இப்ப மொதல்ல நிக்கறது நீங்க. நான் மூணாம் பக்கத்துல!"

"மூணாம் பக்கமும் பக்கந்தானுங்களே?"

"அங்க எவன் வருவான்? கொசுகூட வராதுங்க!"

தைத்துக்கொண்டிருந்தவர்கள் மெஷினை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

சித்ரகலா நடத்துவது சின்ன யூனிட். கைக்குழந்தைக்கான ஜப்லா மட்டும்தான் தைப்பாள். ஆர்டரெல்லாம் அந்த வெப்சைட்டைப் பார்த்து வருவதுதான். வரிசை மாறியதிலிருந்து அவள் போன் ஊமையாகிவிட்டது.

"இன்னும் ஒரு வாரம் இப்படியே போச்சுன்னா, டெய்லருங்கள ஊருக்கு அனுப்பிட்டு யூனிட்டப் பூட்ட வேண்டியதுதானுங்க. ரெண்டு வயசுக்கு மேல இருக்கற கொழந்தைகளுக்குத்தான தெச்சுட்டிருந்தீங்க? கைக்கொழந்த சட்டையிலயும் கைய வெக்கோணுமா?"

"அட, நான் எங்கீங்க ஜப்லா தெச்சேன்?"

"அப்புறம் எப்படி மொதல்ல வந்தீங்க?"

"அதான் எனக்கும் புரியலீங்க. தைக்காத சரக்குக்கு என்னையக் கொண்டி மேல உக்கார வெச்சுட்டாங்க. பொழுதன்னிக்கும் ஜப்லா கேட்டு போன். நீங்க என்ற சைட்டத் தொறந்து பாத்தீங்களா அம்மிணி?"

"நான் ஏனுங்க தொறக்கோணும்? தொறக்கத் தொறக்க நீங்க இன்னும் மேல போவீங்களாமா!"

சிரிப்பை அடக்கிக்கொண்டு சிவராஜ் வாயைத் திறப்பதற்குள் சித்ரகலாவின் போன் அடித்தது.

"மேடம், நாகர்கோவில்ல இருந்து பேசுதேன். ரெடிமேட் கடை வச்சிருக்கேன். சிவராஜ்ங்கறவர் சைட்ல, 'ஜப்லா எங்ககிட்ட இல்லீங்க, இவுங்ககிட்ட நல்லா இருக்கும்'னு உங்க நம்பரைப் போட்டிருக்காரு. பொங்கலுக்குச் சரக்கு கிடைக்குமா?"

"கெ... கெடைக்குமுங்க. இதோ, அஞ்சு நிமிசத்துல கூப்படறனுங்க."

போனை வைத்தவள், பக்கத்திலிருந்த ஸ்டூலில் மெல்ல உட்கார்ந்தாள்.

"ஏனுங்ணா, மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

"நேத்து சாயங்காலந்தான் போட்டனுங்க. கேட்ட சரக்கு நம்மகிட்ட இல்லீன்னா பக்கத்துக் கடையக் கை காட்டறதில்லீங்களா? அதத்தான் நெட்டுலயும் செஞ்சேன். சொல்லலாம்னா, நீங்க எங்க பேச உட்டீங்க?"

டீ வந்தது. சித்ரகலா தலையைக் குனிந்துகொண்டே குடித்தாள்.

"ஒரே ஒரு வருத்தமுங்க அம்மிணி" என்றார் சிவராஜ். "இன்னைக்குக் காத்தால, முத்தாயின்னு ஒரு அம்மா என்ற கம்பெனிக்கு ஒத்த ஸ்டார் குடுத்திருக்காங்க. 'ஒரே அலசுல தையல் பிரிஞ்சுபோச்சு, யாரும் வாங்காதீங்க'ன்னு எழுதியிருக்காங்க. தெரிஞ்ச ஆளாயிருந்தா சொல்லுங்க. புதுச் சட்ட குடுத்து மன்னிப்புக் கேட்டுக்கறேன்."

சித்ரகலாவுக்குப் புரையேறியது.

"வேண்டாமுங்ணா, அவுங்ககிட்ட நானே பேசிக்கறேன்" என்று எழுந்தவள், வாசலைத் தாண்டுவதற்குள் மாமியார் பேரிலிருந்த கணக்கைத் திறந்து, காலையில் தான் போட்ட ஒற்றை ஸ்டாரை அவசர அவசரமாக அழித்தாள்.