மாடி அண்ணன் அறிந்த வழி

கீழ்த்தளத்து ரவுட்டருக்கு அன்று காலைதான் புது வேலை வந்தது. இனி தகவல்கள் போகிற வழியை யாரும் எழுதித் தர மாட்டார்கள். அக்கம்பக்கத்தில் விசாரித்து அதுவே தெரிந்துகொள்ள வேண்டும். அதற்குத் தலைகால் புரியவில்லை.

“அண்ணே, வெளியூருக்கு என்கிட்ட வழி இருக்கு. ஒரே எட்டு வெச்சாப் போதும்,” என்று மாடி ரவுட்டரிடம் பீற்றிக்கொண்டது.

“அப்ப உன் வழியா எனக்கு ரெண்டு எட்டுன்னு எழுதிக்கிறேன் தம்பி.”

ஜன்னலோரத்தில் சிம் போட்டுச் செருகியிருந்த பழைய டாங்கிளும், “என் வழியில பத்து எட்டு,” என்றது. யாரும் கண்டுகொள்ளவில்லை.

மத்தியானம் தெருவைத் தோண்டியதில் கீழ்த்தளத்திலிருந்து வெளியூர் போகும் கம்பி அறுந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு கல்லூரி விண்ணப்பம் வந்து நின்றது. கடைசி நாள். முப்பது எட்டுக்குள் போய்ச் சேராவிட்டால் அதன் ஆயுசே முடிந்துவிடும்.

“கவலையே வேண்டாம். மாடி அண்ணனுக்கு ரெண்டே எட்டுல வழி தெரியும்,” என்று கீழ் ரவுட்டர் ஏற்றிவிட்டது.

“கீழ இருக்கிற தம்பிதான் அதுல கில்லாடி. இறங்கு,” என்று மாடி திருப்பிவிட்டது.

இப்படி ஏறி இறங்கியே பதினெட்டு எட்டு போய்விட்டது. விண்ணப்பத்துக்கு மூச்சு வாங்கியது. “தம்பி, உங்க அண்ணனுக்கு அந்த வழியைச் சொன்னது யாரு?”

கீழ் ரவுட்டரின் விளக்குகள் ஒரு நொடி அணைந்து எரிந்தன. “நான்தான்,” என்றது. பிறகு டாங்கிள் பக்கம் திரும்பியது. “அக்கா, அந்தப் பத்து எட்டு இன்னும் இருக்கா?”

“காலையிலேர்ந்து அதைத்தானே சொல்றேன். ஏறு கண்ணு.”

இரண்டு எட்டு மிச்சத்தோடு விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

“அண்ணே, இனிமே டாங்கிள் அக்கா வழிதான்,” என்று கீழ் ரவுட்டர் மாடிக்குத் தகவல் சொன்னது.

“எனக்கா தெரியாது? உனக்கு அதைச் சொன்னதே நான்தானே தம்பி,” என்றது மாடி.