ஒன்பதாவது செல்

பேட்டரி கார் மூன்றாவது முறையாக அதே சரிவில் நின்றது.

உள்ளே இருந்தவர்கள் இறங்கி, தீபலட்சுமியை ஆளுக்கொரு பார்வை பார்த்துவிட்டு நடையைக் கட்டினார்கள். மூட்டுவலிக்காரர் செல்லம்மாவால் மட்டும் நடக்க முடியாது. அவர் வீடு சரிவுக்கு மேலே இருந்தது. ஓரத்துச் சிமென்ட் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

"இன்னிக்கு ஓடலைன்னா பழைய பேட்டரியையே மாட்டிக்கறோம்மா. மத்த மூணு வண்டியை மறந்துடுங்க" என்றார் குடியிருப்பின் செயலாளர் தசரதன்.

பெருங்களத்தூரின் அந்தப் பெரிய குடியிருப்பில், ஈய பேட்டரிகளைத் தூக்கிவிட்டு இந்த வண்டிக்கு லித்தியம் மாற்றியவள் தீபலட்சுமிதான். மற்ற மூன்றும் நம்மிடமே வரும் என்று தாம்பரத்துப் பட்டறை முதலாளியிடம் அடித்துச் சொன்னவளும் அவள்தான். வராவிட்டால் அவளுக்கு அங்கே வேலை இல்லை. முதலாளி அதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லியிருந்தார்.

சமதளத்தில் வண்டி குதிரை மாதிரி ஓடும். சரிவில் ஆட்களோடு ஏறச் சொன்னால் படுத்துவிடும். சாவியைத் திருப்பிப் போட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும். செத்த வண்டியைக்கூடச் சரிசெய்துவிடலாம், நடிக்கிற வண்டியோடு மல்லுக்கட்ட முடியாது.

சீட்டைக் கழற்றிப் பெட்டியைத் திறந்தாள். உள்ளே பதினாறு செல்கள், செம்புப் பட்டைகளால் வரிசையாகக் கோர்க்கப்பட்டு.

சார்ஜ் சரி. கேபிள் சரி. மோட்டார் சரி. அப்படியானால் பேட்டரிக்குக் காவலாக இருக்கும் பி.எம்.எஸ். பலகைதான் எதையோ பார்த்துப் பயந்து கரண்டை அறுக்கிறது. ஏதோ ஒரு செல் அதைப் பயமுறுத்துகிறது.

சக்கரத்துக்குக் கல் வைத்து, டிரைவரை ஆக்சிலரேட்டரை ஒரு கணம் அழுத்தச் சொல்லி, ஒவ்வொரு செல்லாக மீட்டரை வைத்துப் பார்த்தாள். ஒன்பதாவதில் எண் சடாரென்று சரிந்தது.

செல்லில் கோளாறில்லை. பட்டையின் நட்டு தளர்ந்திருந்தது. பத்தடிக்கொரு வேகத்தடை வைத்தால் நட்டு என்ன செய்யும் பாவம்.

டேப் சுற்றிய ஸ்பேனரோடு குனிந்தாள். சட்டைக்குள்ளிருந்து தாலிச் சங்கிலி நழுவி, செம்புப் பட்டைகளுக்கு ஒரு விரற்கடை மேலே ஆடியது.

விருட்டென்று நிமிர்ந்தாள். 

மெயின் ஸ்விட்சை அணைத்தால் வண்டிதான் அணையும், செல்கள் அணையாது. சங்கிலி இரண்டு பட்டைகளைத் தொட்டால் போதும். தங்கம் ஃபியூஸ் கம்பியாகப் பழுத்துக் கழுத்தைச் சுட்டுவிடும்.

எப்போதும் சங்கிலியை உள்ளாடையோடு சேர்த்து ஊக்கு குத்திவிட்டுத்தான் பெட்டியைத் திறப்பாள். அந்த ஊக்கை இன்று காலை பஸ்ஸில், செருப்பு வார் அறுந்து நின்ற ஒரு பொத்தேரி காலேஜ் பெண்ணுக்குக் கொடுத்திருந்தாள்.

சங்கிலியை முதுகுப் பக்கம் தள்ளிப் பார்த்தாள். குனிந்ததும் முன்னால் வந்தது. டேப் போட்டு ஒட்டினாள். வியர்வையில் பிய்ந்துகொண்டது. செல்லம்மாவிடம் ஓர் ஊக்கு கேட்கலாம். கேட்டால் பேச்சு வளரும். எந்த ஊர், வீட்டுக்காரர் என்ன பண்ணுகிறார் என்று போகும்.

தசரதன் போனை எடுத்துப் பழைய பேட்டரிக்காரரைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்.

தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன. சங்கிலியைத் தலைவழியாகக் கழற்றி, தன் டிபன் பாக்ஸ் மூடியில் வைத்தாள்.

பெஞ்சிலிருந்து செல்லம்மா பதறிப்போய் எழுந்தார்.

"இன்னாம்மா பண்றே? புருசன் உசுரோட இருக்கசொல்ல யாராச்சும் இத்த கழட்டுவாங்களா?"

ஸ்பேனர் பிடித்த கை அப்படியே நின்றது. தசரதன்கூடப் போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டார்.

தீபலட்சுமி ஸ்பேனரை இறுக்கிப் பிடித்தாள். மூச்சை அடக்கிக்கொண்டு குனிந்தாள். இந்தப் பக்கம் ஒரு பட்டை, அந்தப் பக்கம் ஒரு பட்டை, நடுவே ஸ்பேனர் திரும்ப அரை விரல் இடம். கால் சுற்று. இன்னொரு கால் சுற்று. நட்டு கடித்துப் பிடித்தது. மற்ற பட்டைகளையும் விடாமல் ஒருமுறை முறுக்கினாள்.

சீட்டை மாட்டியதும் தசரதனையும், இரண்டு செக்யூரிட்டிகளையும், முணுமுணுத்துக்கொண்டே வந்த செல்லம்மாவையும் ஏற்றினாள். சங்கிலி இருந்த மூடியைக் கையில் பிடித்தபடி தானும் பின்னால் தொற்றிக்கொண்டாள்.

வண்டி சரிவில் ஏறியது. பாதியில் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். திறந்தபோது மேலே வந்திருந்தார்கள்.

மற்ற மூன்று வண்டிகளையும் திங்கட்கிழமை வந்து எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டுத் தசரதன் இறங்கிப் போனார்.  அவள் வேலை தப்பித்தது.

செல்லம்மா மட்டும் இறங்கவில்லை. மூடியை அவள் கையிலிருந்து வாங்கினார். தானே எடுத்து மாட்டிக்கொள்ளக் கூடாது என்று அதட்டி, அவளைக் கிழக்கே திருப்பி உட்காரவைத்தார். தாலியை இரு கண்களிலும் ஒற்றி, நூறு வயசு, நூறு வயசு என்று வேண்டிக்கொண்டே கழுத்தில் போட்டுவிட்டார்.

தீபலட்சுமி தலையைக் குனிந்து, தாலியைச் சட்டைக்குள் தள்ளினாள். 

"வூட்ல அவருகிட்ட இத்த சொல்லாதம்மா. மனசு கஷ்டப்படுவாரு."

"சொல்ல மாட்டேம்மா" என்றாள்.

கணவர் போய் இரண்டு வருடமாகிறது. கருமாதியன்று கழற்றிப் பால் கிண்ணத்தில் போட்டதை, இந்த வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், தனியாகப் போகிற இடங்களில் யாரும் எதுவும் கேட்டுவிடக் கூடாதென்று அவளே எடுத்து மாட்டிக்கொண்டிருந்தாள்.