இடது பக்கம் பாருங்கள்

பனி விலகியபோது வழிகாட்டியின் மனைவி குறட்டை விட்டுக்கொண்டிருந்தாள்.

வந்த நாளிலிருந்து அந்த ஏரி வெறும் வதந்தியாகத்தான் இருந்தது. ஜன்னலைத் திறந்தால் துவைத்துப் போட்ட போர்வைபோல் பனி. விடுதிக்காரர் தினமும் அந்த வெள்ளையைக் கையால் காட்டி, "அங்கதான் சார் இருக்கு" என்பார். உள்ளே இருக்கிற முதலாளியை வெளியூர் போயிருக்கிறார் என்று சொல்கிற குரல்.

இன்று காலை பஸ்ஸுக்கு ஊர் திரும்ப வேண்டும்.

வழிகாட்டி சுற்றுலாப் பேருந்தில் மைக் பிடிப்பவர். "இடது பக்கம் பாருங்கள், வலது பக்கம் பாருங்கள்" என்று சொல்லியே குடும்பம் நடத்தியவர். ஓட்டுநருக்கு முதுகைக் காட்டி நின்றதில், அருவி, மலை, கோட்டை எதையும் நேரில் பார்த்ததில்லை. பயணிகள் வாயைப் பிளப்பதைப் பார்த்துத் தெரிந்துகொண்டதுதான்.

வீட்டிலும் மைக்கை அணைக்க மாட்டார். பல் தேய்த்தால் பற்பசையின் வரலாறு வரும். இந்த மனிதர் ஐந்து நிமிடம் சும்மா நின்றால் உலக அதிசயத்தில் சேர்த்துவிடலாம் என்று அவள் ஆஸ்பத்திரியில் சொல்லிச் சிரிப்பாள்.

அவள் இரவுப் பணி நர்ஸ். கல்யாணமானதிலிருந்து வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று: ஒரு ஏரியைப் பார்க்க வேண்டும்.

பகலெல்லாம் ஜன்னலோரம் ஏரிக்காகக் காவல் இருந்தாள். இரவெல்லாம் பணிப் பழக்கத்தில் கொட்டக் கொட்ட விழித்திருந்தாள். இன்று விடியப்போகும் நேரத்தில்தான் கண்ணயர்ந்தாள். மூக்குக்கண்ணாடியை அவர்தான் மெல்ல உருவி கட்டிலோர மேசைமேல், அதன் உறைக்குப் பக்கத்தில் வைத்தார். அது இல்லாவிட்டால் அவளுக்கு நோயாளிக்கும் கட்டிலுக்கும் வித்தியாசம் தெரியாது.

அப்போதுதான் யாரோ மூடியைத் திறந்ததுபோல் பனி எழுந்தது.

முதலில் படகுத்துறையின் மரக்கால்கள். பிறகு வெள்ளைக்காரர்கள் கட்டிவிட்டுப் போன ஓட்டு பங்களாக்கள், மணிக்கூண்டு. மேலே ஒரு தடவை, தண்ணீரில் தலைகீழாக இன்னொரு தடவை. எது அசல் என்று காட்டிக்கொடுக்க ஓர் அலைகூட இல்லை. ஒரு நாரை பறந்தது. கீழேயும் ஒன்று பறந்தது.

ஏரியின் நீளம், ஆழம், வெட்டிய துரையின் பெயர், துரையின் நாயின் பெயர் எல்லாம் நுனிநாக்கில் தயாராக இருந்தன.

வாய் திறந்தது. திறந்தபடியே நின்றது.

எழுப்பத் திரும்பினார். வாய்விட்டுக் கேட்டது ஏரி. வாய்விடாமல் கேட்டது தூக்கம்.

தோளுக்கு ஒரு விரற்கடை முன்னால் கை நின்றுவிட்டது.

சத்தமில்லாமல் ஜன்னலுக்குத் திரும்பி, பக்கத்துக்கு ஒதுங்கி, சட்டத்தில் சாய்ந்து நின்றார். கன்னம் நனைந்தது. யாராவது கேட்டால் பனி என்று சொல்லிவிடலாம். யாரும் கேட்கவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றார், குறட்டை எப்போது நின்றது, எதுவும் அவருக்குத் தெரியாது.

பனி மறுபடி இறங்கியது. ஏரி மறுபடி வதந்தியானது.

"என்னங்க, ஏதாவது தெரிஞ்சுதா?" போர்வைக்குள்ளிருந்து அவள் குரல்.

"ஒண்ணுமில்லம்மா. வெறும் பனி. நீ தூங்கு."

அவர் வாழ்நாளிலேயே மிகச் சின்ன வர்ணனை அதுதான்.

"பாவம், நீங்களும் பாக்கல" என்று அவள் போர்வையைத் தலைக்குமேல் இழுத்துக்கொண்டாள்.

அவர் பெட்டியை அடுக்க ஆரம்பித்தார். கண்ணாடியை உறையில் போட மேசைக்கு வந்தார்.

உறை மட்டும்தான் இருந்தது.