பெனடிக்ற் விட்ட கோல்

பத்துப் பொன்னாடைதான் வாங்கியிருந்தார்கள். எண்பத்தாறாம் ஆண்டு கோயில் திருவிழாக் கிண்ண உதைபந்து இறுதியாட்டத்தில் தலைமன்னார் அணிக்கு ஆடியவர்களோ பதினொரு பேர். செத்துப்போன நாலு பேருக்காக அவர்களுடைய பிள்ளைகளை அழைத்திருந்தார்கள். உயிரோடு இருந்த கோல் கீப்பர் பெனடிக்ற்றுக்கு மட்டும் அழைப்பில்லை.

"கப்பை வித்தவருக்குப் பொன்னாடையோ?" என்றான் கழகச் செயலாளர் றெக்சன். அந்த ஆட்டம் நடந்தபோது அவன் பிறக்கவே இல்லை. கோபம் மட்டும் அப்பனிடமிருந்து முழுசாக வந்து சேர்ந்திருந்தது.

பெனடிக்ற் இருபத்தொரு வருடம் தமிழ்நாட்டு முகாமில் இருந்துவிட்டுப் போன மாதம்தான் ஊர் திரும்பியிருந்தார். புது மைதானத் திறப்பு என்று கேள்விப்பட்டதும் மனம் கேட்கவில்லை. அழையாமலே வந்து கடைசிக் கதிரையில் உட்கார்ந்தார். பக்கத்தில் இருந்தவர் எழும்பி வேறு கதிரைக்குப் போனார்.

சிறப்பு விருந்தினர் சனூன். அன்று எதிர்த்து ஆடிய முசலி அணிக்கு வெற்றிக் கோல் அடித்தவர். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம் சனத்தை வெளியேற்றியபோது புத்தளம் போனவர், இப்போது அவரும் முசலிக்குத் திரும்பிவிட்டார். புத்தளம் முகாமில் அந்தக் கோலைச் சொல்லிச் சொல்லி, பந்து வந்த தூரம் வருடா வருடம் கூடிக்கொண்டே போனதாம்.

"சனூன் நானா, அந்தக் கோலைப் பற்றிச் சொல்லுங்கோ. நடந்ததை அப்பிடியே சொல்லுங்கோ." றெக்சன் ஒலிவாங்கியை நீட்டினான்.

சனூன் கண்ணை மூடிக்கொண்டார்.

"பின்னேர வெயில். சோளகக் காத்துக்கு மண் எழும்பி, மைதானம் முழுக்க மஞ்சளாய்க் கிடக்கு. ஒண்டுக்கு ஒண்டு. முடிய ரெண்டு நிமிசம். பந்து காத்திலை வருது... வருது... இறங்கமாட்டன் எண்டு அந்தரத்திலை நிக்குது. இப்பவும் கனவிலை அப்பிடித்தான் வரும். சனத்தின்ரை சத்தம் கேக்காது. கடல் மட்டும் கேக்கும். நான் எழும்பித் தலையாலை இடிச்சன்."

ஐம்பது தாண்டியவர்கள் எல்லாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த நேரம் யாராவது ஒரு பந்தை எறிந்திருந்தால் முழங்கால் நோவை மறந்து அத்தனை பேரும் பாய்ந்திருப்பார்கள்.

"பெனடிக்ற் பிடிச்சிட்டான்," என்றார் சனூன். "நெஞ்சோடை அணைச்சு. அப்பிடி ஒரு பிடியை நான் பிறகு பார்க்கவே இல்லை."

"பிறகு?"

"பிறகு பந்தோடை ரெண்டடி பின்னுக்கு வைச்சான். கோட்டைத் தாண்டிட்டான். றெஃபரி விசில் ஊதினார். கோல்."

"அதைத்தானே நாங்களும் இவ்வளவு காலமாய்ச் சொல்லுறம்!" றெக்சன் கடைசிக் கதிரையைப் பார்த்துக் கத்தினான். "வெயில் கண்ணிலை குத்தினதாம்! ஆருக்குக் கதை விடுறார்?"

பெனடிக்ற் எழுந்தார். "சனூன், காணும். விடு."

"விடேலாது மச்சான்."

சனூன் முன்வரிசையில் இருந்த தன் மகன் ஷமீரைப் பார்த்தார். அவனுக்கு இந்தக் கோல்தான் தாலாட்டு. பார்த்த கண்ணைத் திருப்பிக்கொண்டார்.

"அந்தக் கோலை நான் அடிக்கேல்லை. இவன்தான் தந்தவன்."

சனூன் கடைசிக் கதிரைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அண்டைக்கு எங்கடை லொறியிலை நாப்பது பேர். பந்து பார்க்க வந்த சின்னப் பிள்ளையளும் இருந்ததுகள். ஆறு மணிக்கு ஊரடங்கு. அதுக்கு முந்தி, தீவிலையிருந்து நாங்கள் ஊர் போற மன்னார்ப் பாலத்தை ஆமி பூட்டிப்போடுவான். இரவு தீவுக்குள்ளை வெளியூர் ஆம்பிளையளைக் கண்டால் சுற்றிவளைச்சு அள்ளிக்கொண்டு போற காலம். சமநிலையிலை முடிஞ்சால் மேலதிக நேரம், பிறகு பெனால்ரி. பாலம் போயிடும். ஆட்டத்தை விட்டிட்டுப் போவம் எண்டு பெரியாக்கள் கெஞ்சினவை. கப் இல்லாமல் வரமாட்டம் எண்டு நாங்கள் நிண்டம். அப்பிடிப் பைத்தியம்."

ஒரு மிடறு தண்ணீர் குடித்தார்.

"பின்னுக்குக் கால் வைக்கேக்கை இவன் எனக்கு மட்டும் கேக்கச் சொன்னான். 'கப்பைத் தூக்கிக்கொண்டு ஓடு. பாலம் பூட்டப் போறாங்கள்.' நாங்கள் பாலம் தாண்டின கையோடை பூட்டினாங்கள். இஞ்சை ஊரே இவன்ரை முகத்திலை துப்பேக்கை, அங்கை நான் கப்போடை நிண்டு படம் எடுத்தனான்."

சனூன் அழுதார். மேடையில் நிற்கிறோம் என்ற கூச்சமே அவருக்கு இல்லை.

றெக்சன் மேடையிலிருந்து இறங்கினான். கடைசிக் கதிரை வரை நடந்து போனான். "ஏன் அங்கிள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"முதல் நாலு வருசமும் பயம் தம்பி. வேணுமெண்டு கோல் விட்டனான் எண்டு சொன்னால் உன்ரை கொப்பரே என்ரை காலை முறிச்சிருப்பார்."

"அதுக்குப் பிறகு?"

பெனடிக்ற் மேடையில் நின்ற சனூனைப் பார்த்தார்.

"வீடு, வயல், வள்ளம் எல்லாத்தையும் விட்டிட்டுப் போன மனிசன். அவன் கொண்டுபோனது அந்தக் கோல் ஒண்டைத்தான். அதையும் நான் பறிக்கிறதோ?"